நெட்வொர்க் ஃபயர்வால் புதிய வசதிகள்: எதை ஆன் செய்யலாம், எதில் கை சுடும்?

#1 · மூன்றாம்_அடுக்கு

அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்-இன் நெட்வொர்க் ஃபயர்வாலில் 2024 கடைசியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. டிசிபி ஐடில் டைம்அவுட்டை (சும்மா இருக்கும் கனெக்‌ஷனை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது) நாமே வைக்கலாம், ஃப்ளோ கேப்சர் (ஓடும் கனெக்‌ஷன்களைப் பட்டியலிடுவது), ஃப்ளோ ஃப்ளஷ் (அவற்றை மறக்கவைப்பது), ஒரே ஃபயர்வாலுக்குப் பல விபிசி (கிளவுடுக்குள் தனி நெட்வொர்க்) எண்ட்பாயிண்ட், ஆக்டிவ் த்ரெட் டிஃபென்ஸ் (ஏடபிள்யூஎஸ் பராமரிக்கும் தடுப்பு ரூல்கள்), 2025 ஜூலையில் டிரான்சிட் கேட்வேயோடு (விபிசிகளை இணைக்கும் மையம்) நேரடி இணைப்பு. அறிவிப்புகளில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் எதைத் தொடலாம் என்பதுதான் கேள்வி.

அமைப்பு இது: டிரான்சிட் கேட்வே, அதில் இணைந்த 14 ஸ்போக் விபிசி (சர்வீஸ்கள் ஓடுமிடம்), நடுவே ஒரு இன்ஸ்பெக்‌ஷன் விபிசி, 3 அவைலபிலிட்டி ஜோன். பாலிசி ஸ்ட்ரிக்ட் ஆர்டர், அதாவது ரூல்கள் நாம் வைத்த வரிசையிலேயே பார்க்கப்படும். அனுமதி முழுக்க எஸ்என்ஐ (டிஎல்எஸ் தொடக்கத்தில் கிளையண்ட் சொல்லும் டொமைன் பெயர்) அடிப்படையில். கடைசியில் ட்ராப் எஸ்டாப்ளிஷ்ட், அலர்ட் எஸ்டாப்ளிஷ்ட் இரண்டும் டிக்.

தெரிய வேண்டியவை: நேரடி டிரான்சிட் கேட்வே இணைப்புக்கு மாறுவது எப்படி? டைம்அவுட்டை 350 விநாடியிலிருந்து உச்சபட்சமான 6000-க்கு ஏற்றிவிடலாமா? மூன்றாவது கொஞ்சம் விசித்திரம். கண்டெய்னரின் பேஸ் இமேஜை டெபியன் 12-லிருந்து 13-க்கு மாற்றியதும், அனுமதிப் பட்டியலில் இருக்கும் டொமைனுக்கே ஹெச்டிடிபிஎஸ் அழைப்பு தொங்குகிறது. பழைய இமேஜில் அதே முகவரி உடனே வருகிறது. அலர்ட் லாக்கில் டீஃபால்ட் ஆக்‌ஷன் தடுத்ததாக இருக்கிறது, எஸ்என்ஐ இருக்க வேண்டிய இடம் காலி.

#2 · பொட்டலம்_பிரிப்பவன்

மூன்றாவதை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

டெபியன் 13-இல் வருவது ஓபன்எஸ்எஸ்எல் 3.5. அந்தப் பதிப்பிலிருந்து டிஎல்எஸ் கிளையண்ட் தானாகவே எக்ஸ்25519எம்எல்கெம்768 என்ற கலப்புச் சாவியை அனுப்பும். குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத வகை. எம்எல்-கெம் சாவி 1184 பைட், பழைய எக்ஸ்25519 சாவி 32 பைட், சேர்த்து 1216. இதோடு எஸ்என்ஐ, சைஃபர் பட்டியல், மற்ற எக்ஸ்டென்ஷன்கள். முன்பு ஐந்நூறு சொச்சம் பைட்டில் ஒரே பாக்கெட்டில் போன கிளையண்ட் ஹலோ (டிஎல்எஸ்-இன் முதல் செய்தி), இப்போது ஒரு செக்மெண்டின் உச்ச அளவான 1460 பைட் எம்எஸ்எஸ்-ஐத் தாண்டி இரண்டு செக்மெண்டாகப் பிரிகிறது.

இனி ட்ராப் எஸ்டாப்ளிஷ்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். டிசிபி தொடக்கத்தின் மூன்று கை குலுக்கலையும் விட்டுவிடும். கனெக்‌ஷன் நிலைபெற்ற பிறகு வரும் பாக்கெட் எந்த பாஸ் ரூலிலும் பொருந்தவில்லை என்றால் தள்ளிவிடும். முதல் செக்மெண்ட் வரும்போது ஃபயர்வாலுக்குள் ஓடும் சூரிகாட்டா எஞ்சினின் கையில் பாதி ஹலோதான் இருக்கிறது. எஸ்என்ஐ இன்னும் தெரியாது. எஸ்என்ஐ தெரியாததால் பாஸ் ரூல் பொருந்தாது. பொருந்தாததால் ட்ராப். ஃப்ளோவுக்கே முத்திரை விழுந்துவிட்டது, இரண்டாவது செக்மெண்ட் வந்தாலும் பயனில்லை. உங்கள் லாக்கில் எஸ்என்ஐ காலியாக இருப்பது அதனால்தான்.

உறுதிப்படுத்த இரண்டு நிமிடம் போதும். கர்ல் கட்டளையில் கர்வ்ஸ் ஆப்ஷனுக்கு எக்ஸ்25519 மட்டும் கொடுங்கள். அப்போது போய், ஆப்ஷன் இல்லாமல் தொங்கினால் இதேதான். பாக்கெட்டுகளைப் பதியும் டிசிபிடம்ப் எடுத்தால் இன்னும் தெளிவு: கை குலுக்கல் முழுசாக முடிந்திருக்கும், அடுத்து 1448 பைட் அளவில் ஒரு செக்மெண்ட், பின்னால் ஒரு சின்ன வால். சர்வர் ஹலோ வராது. அந்த முதல் செக்மெண்டே திரும்பத் திரும்பப் போகும், இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். விபிசி ஃப்ளோ லாக்கை நம்ப வேண்டாம், அதில் அக்செப்ட் என்றுதான் இருக்கும்.

தீர்வு புதிய வசதிகளிலேயே இருக்கிறது. பாலிசியின் ஸ்டேட்ஃபுல் டீஃபால்ட் ஆக்‌ஷனில் ட்ராப் எஸ்டாப்ளிஷ்டை எடுத்துவிட்டு அப்ளிகேஷன் லேயர் ட்ராப் எஸ்டாப்ளிஷ்ட் வையுங்கள். ஹலோ பல பாக்கெட்டில் வந்தாலும் முழுசாகச் சேரும்வரை பொறுத்திருந்து முடிவெடுக்கும். அலர்ட்டையும் அதே வகைக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் போய்ச் சேர்ந்த கனெக்‌ஷனுக்கும் லாக்கில் சத்தம் கேட்கும்.

#3 · ராத்திரி_ஷிப்ட்

ஒரு சந்தேகம். பாலிசியில "ஃப்ராக்மெண்டட் பாக்கெட்" னு ஸ்டேட்லெஸ் டீஃபால்ட் ஒண்ணு தனியா இருக்கே, அதை ஃபார்வர்டு பண்ணா போதாதா? இன்னொண்ணு, இதே இமேஜை உள்ளேயே ரெண்டு விபிசிக்கு நடுவுல வெச்சு டெஸ்ட் பண்ணா பாஸ் ஆகுதுங்க. இன்டர்நெட்டுக்குப் போறப்ப மட்டும் தொங்குது.

#4 · பொட்டலம்_பிரிப்பவன்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த ஃப்ராக்மெண்ட் அமைப்பு ஐபி மட்டத்தில் உடையும் யுடிபி பாக்கெட்டுக்கானது. இங்கே உடைவது டிசிபி செக்மெண்ட். ஒவ்வொன்றும் தன்னளவில் முழு ஐபி பாக்கெட். அதை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

உள்ளே பாஸ் ஆவதற்குக் காரணம் ஜம்போ ஃப்ரேம். விபிசிக்குள் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9001, டிரான்சிட் கேட்வே வழியாக 8500. எவ்வளவு பெரிய ஹலோவும் ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும், ட்ராப் எஸ்டாப்ளிஷ்டுக்கு வேலையே இல்லை. வெளியே போகும்போது எதிர்முனை சின்-ஆக்கில் 1460 எம்எஸ்எஸ் சொல்கிறது, கிளையண்ட் அதற்கேற்ப வெட்டுகிறது. ஆகவே உள் டெஸ்ட்டை நம்பி "ஃபயர்வாலில் கோளாறு இல்லை" என்று டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். டெஸ்ட் மெஷினின் இன்டர்ஃபேஸ் எம்டியுவை 1500-க்கு இறக்கி ஓட்டினால் உள்ளேயும் அதே கோளாறு எட்டிப் பார்க்கும்.

டெபியன் மட்டும் இல்லை. கோ மொழி 1.23-இலேயே இதன் முன்வடிவான கைபரை டீஃபால்ட்டாக அனுப்பத் தொடங்கிவிட்டது, 1.24-இல் எம்எல்-கெம். குரோம் 124-இல் கைபர், 131-இல் எம்எல்-கெம். யாரோ ஒருவர் சர்வீஸை புதிய கோ கம்பைலரில் மறுபடி பில்ட் செய்தாலே போதும், ஃபயர்வாலை யாரும் தொடாமலே வெளித்தொடர்பு நின்றுவிடும். அவசரத்துக்கு கோவில் டிஎல்எஸ்எம்எல்கெம் என்ற டீபக் அமைப்பைப் பூஜ்யமாக்கலாம். அது ஒட்டுத்துணிதான். பாலிசியைத் திருத்துவதே முறை.

#5 · மூன்றாம்_அடுக்கு

கர்வ்ஸ் ஆப்ஷனோடு போகிறது, இல்லாமல் தொங்குகிறது. அதேதான். ட்ராப் ஆல் போட்டு, மேலே கை குலுக்கலுக்குத் தனி பாஸ் ரூல் எழுதுவது இதைவிடப் பத்திரமா?

#6 · பொட்டலம்_பிரிப்பவன்

பத்திரம் கூடாது, பராமரிப்புதான் கூடும். ட்ராப் ஆல் சின் பாக்கெட்டையே தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கை குலுக்கலை நீங்களே திறந்து வைக்க வேண்டும். பிறகு பிரிந்த ஹலோவுக்கு அதே பிரச்சினை திரும்பவும் வரும். அப்ளிகேஷன் லேயர் வகையை வைத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச், டேட்டாபேஸ் போன்ற டிஎல்எஸ் அல்லாதவற்றுக்கு ஐபி, போர்ட் சொல்லி வெளிப்படையான ரூல் எழுதுங்கள்.

ரூல் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். டொமைனை எண்ட்ஸ்வித் மட்டும் வைத்து எழுதினால் "எக்ஸாம்பிள் டாட் காம்" என்பது "போலிஎக்ஸாம்பிள் டாட் காம்"-க்கும் பொருந்தும். டாட்பிரிஃபிக்ஸ் சேர்த்து, உள்ளடக்கத்தில் முதல் புள்ளியோடு எழுதினால் அந்த டொமைனும் அதன் துணை டொமைன்களும் மட்டும் பொருந்தும்.

தடுக்கும் ரூல்களில் டிசிபிக்கு ட்ராப்பைவிட ரிஜெக்ட் மேல். இணைப்பை முறிக்கும் ஆர்எஸ்டி போவதால் கிளையண்ட் உடனே பிழை காட்டும். ட்ராப் என்றால் டைம்அவுட் வரை தொங்கும், அப்ளிகேஷன் டீம் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று டிக்கெட் போடும்.

#7 · வழித்தடம்

டிரான்சிட் கேட்வே பகுதிக்கு வருகிறேன்.

பழைய முறையில் இன்ஸ்பெக்‌ஷன் விபிசியை நாமே கட்டுகிறோம். ஒவ்வொரு ஜோனிலும் டிரான்சிட் கேட்வே அட்டாச்மெண்டுக்கு (இணைப்பு முனை) ஒரு சப்நெட், ஃபயர்வால் எண்ட்பாயிண்டுக்கு ஒரு /28. அட்டாச்மெண்ட் சப்நெட்டின் 0.0.0.0/0 (எல்லா முகவரிக்குமான டீஃபால்ட் ரூட்) அதே ஜோன் எண்ட்பாயிண்டுக்கு. இத்தனைக்கும் மேல் அட்டாச்மெண்டில் அப்ளையன்ஸ் மோட், போவதும் வருவதும் ஒரே ஜோன் வழியாக இருக்கச் செய்வது. அதை மறந்தால் என்ன ஆகும்? டிரான்சிட் கேட்வே கிளம்பிய ஜோனிலேயே டிராஃபிக்கை வைத்திருக்கப் பார்க்கும். போவது ஜோன் ஒன்று வழியாக, திரும்புவது ஜோன் இரண்டு வழியாக. எண்ட்பாயிண்டுகள் தங்களுக்குள் ஸ்டேட்டைப் பகிர்வதில்லை, எனவே திரும்பும் பாக்கெட் அநாதை. இரு முனையும் ஒரே ஜோனில் இருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. அதனால்தான் இந்தக் கோளாறைப் பிடிக்க நாள் கணக்காகிறது.

புதிய முறையில் ஃபயர்வாலை உருவாக்கும்போதே டிரான்சிட் கேட்வேயையும் ஜோன்களையும் தேர்ந்தெடுத்தால் போதும். பின்னணி விபிசி ஏடபிள்யூஎஸ் பொறுப்பு. அப்ளையன்ஸ் மோட் தானாக ஆன். மிச்சம் நம் பங்கு டிரான்சிட் கேட்வே ரூட் டேபிள்தான்: ஸ்போக்குகளின் டேபிளில் 0.0.0.0/0 ஃபயர்வால் அட்டாச்மெண்டுக்கு, ஃபயர்வாலின் டேபிளில் ஸ்போக் முகவரிகளும் வெளியே போக எக்ரஸ் விபிசியும். உள் முகவரியை இன்டர்நெட் முகவரியாக மாற்றும் நாட் கேட்வேயை ஃபயர்வால் விபிசியிலேயே வைத்திருந்தவர்கள் அதற்குத் தனி எக்ரஸ் விபிசி கட்ட வேண்டும். அந்த மறைந்த சப்நெட்டில் விபிசி ஃப்ளோ லாக் கிடைக்காது, டிரான்சிட் கேட்வே ஃப்ளோ லாக்கை ஆன் செய்துகொள்ளுங்கள்.

மாறும்போது பழைய ஃபயர்வாலைத் திருத்தப் பார்க்காமல் பக்கத்தில் புதியதை எழுப்புங்கள். ஒரே பாலிசியை இரண்டிலும் மாட்டலாம். பிறகு ஸ்போக் ஸ்போக்காக நகர்த்தலாம். ஆனால் இங்கேதான் பலரும் சறுக்குவது: 10.20.0.0/16 ஸ்போக்கின் டீஃபால்ட் ரூட்டைப் புதிய ஃபயர்வாலுக்குத் திருப்பிவிட்டு, எக்ரஸ் விபிசி அட்டாச்மெண்டின் ரூட் டேபிளில் 10.20.0.0/16 இன்னும் பழைய ஃபயர்வாலைக் காட்டிக்கொண்டிருந்தால், போவது ஒரு பெட்டி, வருவது வேறு பெட்டி. இரண்டையும் ஒரே மாற்றத்தில் செய்யுங்கள். ஸ்போக்குகளுக்கு இடையேயும் அதே கதை. நகர்ந்த ஸ்போக்கும் நகராத ஸ்போக்கும் பேசினால் சமச்சீர் கெடும். எது எதோடு பேசுகிறது என்று ஃப்ளோ லாக்கில் ஒரு வாரம் பார்த்துவிட்டு, பேசிக்கொள்ளும் ஸ்போக்குகளைக் கூட்டமாக நகர்த்துங்கள்.

#8 · மூன்றாம்_அடுக்கு

பாலிசியை அப்படியே மாட்டலாம் என்றால் ஹோம் நெட் (நம் முகவரிகள் எவை என்று சொல்லும் வேரியபிள்) என்ன ஆகும்?

#9 · வழித்தடம்

சரியான நேரத்தில் கேட்டீர்கள். விபிசியில் நிற்கும் ஃபயர்வாலுக்கு ஹோம் நெட்டின் டீஃபால்ட் அந்த விபிசியின் முகவரி வரம்பு மட்டும். மத்திய இன்ஸ்பெக்‌ஷன் அமைப்பில் அந்த விபிசிக்குள் யாருமே குடியிருப்பதில்லை. விளைவு, டொமைன் லிஸ்ட் ரூல் குரூப் 14 ஸ்போக்குகளின் டிராஃபிக்கையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் பாலிசியில் கடைசியில் ட்ராப் இருப்பதால் தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக்‌ஷன் ஆர்டரில் (ரூல்களின் வகைப்படி வரிசை), தடுப்புப் பட்டியல் மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சத்தமே இல்லாமல் எல்லாம் கடந்து போகும். அது இன்னும் மோசம். எந்த வகை இணைப்பாக இருந்தாலும் தானாக என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிராமல், பாலிசி வேரியபிளில் ஸ்போக் வரம்புகள் அத்தனையையும் எழுதிவிடுங்கள்.

#10 · ராத்திரி_ஷிப்ட்

டைம்அவுட் கேள்விக்கு நான் சொல்றேன். 60-லிருந்து 6000 விநாடி வரைக்கும் வெக்கலாம்கிறது சரி. ஆனா 6000 வெச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. வெளிய போற பாதையில நாட் கேட்வே இருக்கு, அதோட ஐடில் டைம்அவுட் 350 விநாடி, அதை மாத்த முடியாது. சங்கிலியில சின்ன கண்ணி எதுவோ அதுதான் கணக்கு. ஸ்போக்குக்கு ஸ்போக் போற டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கு மட்டும் ஃபயர்வால் டைம்அவுட்டை ஏத்துறது உதவும்.

அதை விட லேசான வழி கீப்அலைவ், சும்மா இருக்குற கனெக்‌ஷன்ல அப்பப்ப ஒரு சின்ன பாக்கெட் அனுப்புறது. லினக்ஸ்ல முதல் கீப்அலைவ் போக டீஃபால்ட் 7200 விநாடி, ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள ஃபயர்வால் ஃப்ளோவை மறந்தே போயிருக்கும். 300-க்கு இறக்கிடுங்க. ஆனா கர்னல் அமைப்பை மாத்துனா மட்டும் பத்தாது, அப்ளிகேஷன் அந்த சாக்கெட்ல கீப்அலைவை ஆன் பண்ணிருக்கணும். கனெக்‌ஷன் பூல் வெச்சிருந்தா பூலோட ஐடில் ஆயுளை 350-க்குக் கீழ வெச்சா இன்னும் நிம்மதி.

#11 · சான்றிதழ்_சங்கதி

ஃப்ளோ ஃப்ளஷ் பற்றி யாரும் பேசவில்லையே. அந்தப் பட்டியலில் அன்றாடம் கை கொடுப்பது அதுதான்.

ஒரு ஃப்ளோ பாஸ் ரூலில் பொருந்திவிட்டால் அது முடியும்வரை பாஸ்தான். நீங்கள் இப்போது தடை ரூல் சேர்த்தாலும், ஏற்கெனவே ஓடும் கனெக்‌ஷன் தன் பாட்டுக்கு ஓடும். ஊடுருவப்பட்ட மெஷின் ஒன்று வெளியே நீண்ட கனெக்‌ஷன் வைத்திருந்தால், ரூல் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. முதலில் ரூல், பிறகு ஃப்ளோ கேப்சரில் அந்த ஐபி, போர்ட் சொல்லி எது ஓடுகிறது என்று பார்ப்பது, பிறகு ஃப்ளஷ். வரிசை மாறினால், ஃப்ளஷ் முடிந்த மறுகணமே பழைய ரூலின்படி மறுபடி திறந்துகொள்வார்கள்.

ஃப்ளஷ் ஆன ஃப்ளோ அடுத்த பாக்கெட்டில் நடுவழியிலிருந்து வருவதாகத் தோன்றும். அதற்கு என்ன செய்வது என்பதை ஸ்ட்ரீம் எக்ஸெப்ஷன் பாலிசி முடிவு செய்யும்: ட்ராப், கன்டின்யூ, ரிஜெக்ட். கன்டின்யூ வைத்தால் அப்ளிகேஷனுக்கு அதிர்ச்சி குறைவு என்பது என் எண்ணம்.

#12 · பொட்டலம்_பிரிப்பவன்

அங்கே உடன்பாடில்லை. கன்டின்யூ வைத்தால் நடுவழி பாக்கெட் ரூல்களுக்குப் போகும், ஆனால் எஸ்என்ஐ என்பது ஹலோவோடு போய்விட்ட சமாச்சாரம். இவருடைய பாலிசி முழுக்க எஸ்என்ஐ. எந்த பாஸும் பொருந்தாது. ஐபி, போர்ட் ரூல் மட்டும் வைத்திருப்பவருக்கு கன்டின்யூ பொருந்தும். இந்த அமைப்புக்கு ரிஜெக்ட்: ஆர்எஸ்டி போகும், கிளையண்ட் புது ஹலோவோடு திரும்பி வரும், ரூல் புதிதாகப் பார்க்கும்.

#13 · சான்றிதழ்_சங்கதி

எஸ்என்ஐ கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ரிஜெக்ட்தான் சரி.

எஸ்என்ஐ என்றதும் இன்னொன்று. அது கிளையண்ட் தானே எழுதும் பெயர். அனுமதித்த டொமைன் பெயரை எஸ்என்ஐயில் போட்டுவிட்டு வேறு ஐபிக்குப் போனால் எஸ்என்ஐ ரூல் அதைக் கண்டுகொள்ளாது. டிஎன்எஸ் கேள்விகளோ விபிசி ரிசால்வருக்கே போகின்றன, நெட்வொர்க் ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை. அதற்கு ரூட் 53 ரிசால்வர் டிஎன்எஸ் ஃபயர்வால் தனி. ஒன்றை வாங்கிவிட்டு மற்றது தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. யுடிபி 443-ஐயும் மூடிவிடுங்கள்; யுடிபியில் ஓடும் குயிக் வழி கிடைக்காத பிரௌசர் டிசிபிக்கு இறங்கி வந்துவிடும்.

#14 · ராத்திரி_ஷிப்ட்

அப்ப பேசாம டிஎல்எஸ் இன்ஸ்பெக்‌ஷனை ஆன் பண்ணி எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துடலாமே? வெளிய போற டிராஃபிக்குக்கும் 2023 கடைசில வந்துடுச்சு.

#15 · சான்றிதழ்_சங்கதி

செய்யலாம், ஆனால் ஃபயர்வால் கையொப்பமிடப் பயன்படுத்தும் சிஏ சான்றிதழை எங்கெல்லாம் நுழைக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஸ்டோரில் போட்டால் கர்ல் போகும். ஜாவாவுக்கு அதன் சொந்த சிஏசர்ட்ஸ் கோப்பு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் சர்டிஃபை என்ற தன் மூட்டையைத்தான் பார்க்கும், ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில் என்ற என்விரான்மெண்ட் வேரியபிளை வைக்க வேண்டும். நோட் ஜேஎஸ்-க்கு எக்ஸ்ட்ரா சிஏ சர்ட்ஸ் வேரியபிள். ஒவ்வொரு கண்டெய்னர் இமேஜிலும் இது வேண்டும். குறிப்பிட்ட சான்றிதழை மட்டுமே நம்பும்படி சர்டிஃபிகேட் பின்னிங் செய்த கிளையண்ட் எதைக் கொடுத்தாலும் மறுக்கும், சர்வரும் கிளையண்டிடம் சான்றிதழ் கேட்கும் எம்டிஎல்எஸ் உடையும். அந்த முகவரிகளை ஸ்கோப்புக்கு வெளியே வைக்க வேண்டியதுதான். வெளியேறும் தரவைப் பார்த்தே ஆக வேண்டிய இரண்டு மூன்று ஸ்போக்குக்கு மட்டும் தொடங்குங்கள்.

#16 · நீலவானம்

மைக்ரோசாஃப்டின் அஷூர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்குச் சின்னக் குறிப்பு. அங்கே அடிக்கடி வருவது வெளியே போகும் கனெக்‌ஷன்களுக்கான எஸ்நாட் போர்ட் தீர்ந்துபோவது. அஷூர் ஃபயர்வாலில் ஒரு பப்ளிக் ஐபிக்கு, ஒரு இன்ஸ்டன்ஸுக்கு 2,496 போர்ட். நாட் கேட்வேயை ஃபயர்வால் சப்நெட்டில் மாட்டினால் ஒரு ஐபிக்கு 64,512, அதிகபட்சம் 16 ஐபி. நெட்வொர்க் ரூலில் டொமைன் பெயர் எழுதினால் டிஎன்எஸ் ப்ராக்ஸியை ஆன் செய்து, கிளையண்ட்களும் அதையே கேட்கும்படி வையுங்கள். இல்லையென்றால் கிளையண்டுக்கு ஒரு ஐபி, ஃபயர்வாலுக்கு வேறு ஐபி கிடைத்து, ரூல் சில நேரம் பொருந்தும், சில நேரம் பொருந்தாது.

#17 · மூன்றாம்_அடுக்கு

டீஃபால்ட் ஆக்‌ஷனை மாற்றியாயிற்று, புதிய இமேஜ் போகிறது. ஸ்ட்ரீம் எக்ஸெப்ஷனும் ரிஜெக்ட். ஆக்டிவ் த்ரெட் டிஃபென்ஸ் சேர்ப்பதில் ஏதாவது கண்ணி இருக்கிறதா? ஸ்ட்ரிக்ட் ஆர்டரில் எங்கே வைப்பது?

#18 · பொட்டலம்_பிரிப்பவன்

உங்கள் பாஸ் ரூல்களுக்கு மேலே. கீழே வைத்தால் முதலில் பாஸ் பொருந்தி அது பார்க்கவே வாய்ப்பிருக்காது. முதல் இரண்டு வாரம் ட்ராப்பை அலர்ட்டாக மாற்றும் அமைப்போடு ஓட்டி, லாக்கில் உங்கள் சொந்த சர்வீஸ் ஏதும் மாட்டவில்லை என்று பார்த்துவிட்டுத் தடுக்க விடுங்கள்.

சேர்க்கும் முன் கெபாசிட்டியைக் கூட்டிப் பாருங்கள். பாலிசிக்கு ஸ்டேட்ஃபுல் ரூல் கெபாசிட்டி 30,000, மேனேஜ்டு குரூப்புகளும் அதில்தான் கணக்கு. ரூல் எத்தனை இருக்கிறது என்பது அல்ல, குரூப்பை உருவாக்கும்போது ஒதுக்கிய எண்தான் கழியும். 40 ரூலுக்கு 10,000 ஒதுக்கிய குரூப் மூன்று இருந்தாலே இடம் போய்விடும். ஒதுக்கியதைப் பின்னால் மாற்ற முடியாது. சரியான அளவில் புது குரூப் உருவாக்கி, ரூல்களை அதில் ஏற்றி, பாலிசியில் பழையதைக் கழற்றி இதை மாட்ட வேண்டும். ரூல் ஆர்டரும் அப்படித்தான். புது குரூப்பை ஸ்ட்ரிக்ட் ஆர்டரில் உருவாக்க மறந்தால் இந்தப் பாலிசியில் அது ஏறவே ஏறாது.